ரிக்கெல்மே ஏன் ஓடவில்லை? – கடிதம்

வணக்கம் சார்,

கால்பந்து பற்றிய கட்டுரையில், நீங்கள் பார்த்தவர்களிலேயே மிகவும் பிடித்த மிட்ஃபீல்டர் அர்ஜென்டினாவின் ரிக்கெல்மே என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். யூடியூபில் தேடிப் பார்த்தேன். அழகாகத்தான் ஆடுகிறார். ஆனால் ஓடவே மாட்டேன் என்கிறார். பார்சிலோனாவில் நிலைக்கவில்லை. ஐரோப்பிய கிளப்புகளின் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் கடைசி நேர பெனால்டியைக் கோட்டைவிட்டார். உலகக் கோப்பையும் கிடைக்கவில்லை. திறமை இருந்தும் உழைக்காத ஆள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவரிடம் அப்படி என்ன கண்டீர்கள்?

ர.

அன்புள்ள ர.,

அவர் அதிகம் ஓடாதது உண்மைதான். அதே வீடியோக்களை இன்னொரு முறை போட்டு, இந்தத் தடவை அவரை விட்டுவிட்டு மற்றவர்களைக் கவனியுங்கள். பந்து அவர் காலுக்கு வந்ததும் சுற்றியிருக்கும் நாலு பேர் ஓடத் தொடங்குவார்கள். அவர்கள் போய்ச் சேரச் சில நொடிகள் வேண்டும். அந்த நொடிகளைச் சம்பாதித்துக் கொடுப்பதுதான் ரிக்கெல்மேயின் வேலை. எதிராளிக்கு முதுகைக் காட்டி, பந்தைக் காலடியில் அழுத்தி வைத்துக்கொண்டு நிற்பார். அர்ஜென்டினாவில் இதற்கு ‘பௌசா’ என்று பெயர், நிறுத்தம். அவர் ஆடிய இடத்துக்கு ‘எங்கான்சே’ என்பார்கள். கொக்கி என்று பொருள். நடுக்களத்தையும் முன்களத்தையும் கோர்க்கிற கொக்கி.

யெபெஸின் கால்களுக்கு நடுவே பந்தை விட்ட அந்தத் துண்டு உங்கள் கண்ணிலும் பட்டிருக்கும். 2000 மே மாதம், தென் அமெரிக்க கிளப்புகளின் லிபர்ட்டடோரெஸ் கோப்பைக் காலிறுதி. ரிக்கெல்மேயின் பொக்கா ஜூனியர்ஸும் பரம வைரியான ரிவர் பிளேட்டும். கோட்டோரமாக ரிக்கெல்மே பந்தோடு மாட்டிக்கொண்டு நிற்கிறார். முதுகோடு ஒட்டி ரிவரின் டிஃபென்டர் யெபெஸ். போக வழியே இல்லை. திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளங்காலால் பந்தைப் பின்னால் உருட்டிவிடுகிறார். அது யெபெஸின் இரண்டு கால்களுக்கும் நடுவே போகிறது. இவர் மறுபக்கமாகச் சுற்றிவந்து எடுத்துக்கொள்கிறார். யெபெஸ் எவ்வளவு நெருங்கி வருகிறார், காலை எப்போது அகட்டுவார் என்று முதுகாலேயே தெரிந்துகொண்டிருக்கிறார், பாருங்கள். எத்தனை முறை பார்த்தாலும் எனக்குப் புல்லரிக்கும். அன்றைக்கு பொக்கா 3-0.

அதே வருடம் நவம்பர் 28, டோக்கியோ. தென் அமெரிக்க சாம்பியனும் ஐரோப்பிய சாம்பியனும் மோதும் இன்டர்கான்டினென்டல் கோப்பை. எதிரில் ஐரோப்பிய சாம்பியன் ரியல் மாட்ரிட். ரிக்கெல்மேக்கு வயது 22. பொக்காவின் பலெர்மோ மூன்றாவது நிமிடத்திலேயே ஒரு கோல் போட்டுவிட்டார். ஆறாவது நிமிடத்தில் ரிக்கெல்மே தன் பாதியிலிருந்து ஒரு நீண்ட பாஸ் தூக்கினார். அது ரியலின் டிஃபென்டர்களைத் தாண்டி பலெர்மோ ஓடும் வழியில் வந்து விழுந்தது. இடது காலால் அடித்தார், 2-0. கொஞ்ச நேரத்தில் ரியலின் ராபர்ட்டோ கார்லோஸ் ஒன்றைத் திருப்பினார். அப்புறம் ஆட்டம் முடியும்வரை ரியலின் மக்கலேலே எவ்வளவு இடித்தும் ரிக்கெல்மேயிடமிருந்து பந்தைப் பிடுங்குவது பெரும்பாடாகவே இருந்தது. ஒரு கோல் முன்னணியை அப்படித்தான் காப்பாற்றினார்கள். இதை உழைப்பு இல்லை என்று என்னால் சொல்ல முடியாது.

பார்சிலோனா கதை சின்னது. 2002இல் போனார். பயிற்சியாளர் வான் கால் அவரை ஓரத்துக்குத் தள்ளி ஆடவிட்டார். கொக்கியைக் கொண்டுபோய் ஓரத்தில் மாட்டினால் எதைக் கோர்க்கும்? அடுத்த வருடமே வில்லாரியல் போய்விட்டார்.

வில்லாரியல் ஐம்பதாயிரம் பேர் வாழும் ஊர். மான்செஸ்டர் யுனைடெட் மைதானத்தில் அந்த ஊர் மொத்தத்தையும் உட்கார வைத்தாலும் இடம் மிச்சமிருக்கும். அந்த ஊர் அணி முதல்முறையாக சாம்பியன்ஸ் லீக் ஆட வந்து, மான்செஸ்டர் கடைசி இடத்தில் நின்ற குழுவில் முதலிடம் பிடித்தது. காலிறுதியில் இன்டர் மிலானை வெளியேற்றியது. நடுவில் நின்று ஆட்டத்தை நடத்தியவர் ரிக்கெல்மே. இந்தப் பின்னணியோடு அந்த பெனால்டிக்கு வாருங்கள்.

அரையிறுதிக்கு இரண்டு ஆட்டங்கள். ஆர்சனலிடம் முதல் ஆட்டத்தில் 0-1. இரண்டாவது ஆட்டம் 2006 ஏப்ரல் 25. பெனால்டி கிடைத்தபோது நம் ஊரில் அதிகாலை இரண்டு மணி இருக்கும். ரிக்கெல்மே அடித்தார், ஆர்சனல் கோல்கீப்பர் லேமன் தடுத்துவிட்டார். டிவியை அணைத்துவிட்டு இருட்டில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஆனால் ஒன்று, அது கோலாகியிருந்தாலும் மொத்தக் கணக்கு 1-1தான். கூடுதல் நேரம் ஆட வேண்டியிருந்திருக்கும். இறுதிப்போட்டியையே அவர் நழுவவிட்டார் என்பது போலப் பேசுவது நியாயமில்லை.

உலகக் கோப்பை விஷயத்தில் எனக்கு இன்னும் ஆறவில்லை. இரண்டு மாதம் கழித்து பெர்லினில் ஜெர்மனியோடு காலிறுதி. ரிக்கெல்மே அடித்த கார்னரில் அயாலா தலையால் முட்டி அர்ஜென்டினா 1-0. 72ஆவது நிமிடத்தில் பயிற்சியாளர் பெக்கர்மன் ரிக்கெல்மேயை வெளியே எடுத்து கம்பியாசோவை இறக்கினார். பெக்கர்மன் இளவயதிலிருந்து ரிக்கெல்மேயை அறிந்தவர், அணியையே அவரைச் சுற்றிக் கட்டியவர். முன்னணியைக் காக்க நினைத்தார். காக்கத் தெரிந்த ஆளோ பெஞ்சில். எட்டு நிமிடத்தில் ஜெர்மனியின் குளோசா சமன் செய்தார், பெனால்டி ஷூட்-அவுட்டில் ஜெர்மனி வென்றது. ரிக்கெல்மே களத்தில் நின்றிருந்தால் அர்ஜென்டினா வென்றிருக்கும் என்றுதான் இன்றும் நம்புகிறேன்.

கோப்பை இல்லாதவரும் அல்ல. 2007இல் பொக்காவுக்குத் திரும்பி, லிபர்ட்டடோரெஸ் இறுதியின் இரண்டு ஆட்டங்களிலுமாக பிரேசிலின் கிரேமியோவுக்கு எதிராக அணிக்குக் கிடைத்த ஐந்து கோல்களில் மூன்றை அவரே போட்டார். அது அவருடைய மூன்றாவது லிபர்ட்டடோரெஸ். 2008இல் பெய்ஜிங் ஒலிம்பிக் தங்கமும் உண்டு. கடைசியாக 2014இல், சிறுவனாக இருந்தபோது ஆட்டம் பழகிய அர்ஜென்டினோஸ் ஜூனியர்ஸ் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியிருந்தபோது அங்கே போய் ஆடினார். அணி முதல் பிரிவுக்கு ஏறிய பிறகுதான் ஓய்வை அறிவித்தார்.

துண்டு வீடியோக்களில் நிறுத்தம் தெரியாது, அதைத்தான் முதலில் வெட்டிவிடுவார்கள். டோக்கியோ ஆட்டத்தை முழுதாகப் பாருங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள்.