பக்கத்து வீட்டுக்காரர் பேச்சுக்கு அப்படியே தலையாட்டலாமா?

தம்பி, உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். கோயம்புத்தூரிலிருந்து பென்சில்வேனியா மாநிலத்தில் பிட்ஸ்பர்க் பக்கம் வந்து குடியேறியிருக்கிறீர்கள், மகள் ஒன்பதாவது, மகன் பதினொன்றாவது. பக்கத்து வீட்டுத் தம்பதி, ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர்கள், உங்களைக் குடும்பத்தோடு சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார்கள். பிள்ளை விஷயத்தில் பெற்றோருக்குத்தான் உரிமை, பதினெட்டு நிரம்பாத பெண் பெற்றோருக்குத் தெரியாமல் கருக்கலைப்பு செய்துகொள்ளக் கூடாது, போர் என்று இறங்கிவிட்டால் பாதியில் கைவிட்டு வரக் கூடாது என்றெல்லாம் பேச்சு போயிருக்கிறது. "நம்ம ஊர்ப் பெரியவங்க மாதிரியே இருக்காங்களே, எல்லாத்துக்கும் ஆமாம் சொல்லிட்டு வந்தேன், சரிதானே அண்ணா? நம்ம பொண்ணு விஷயத்தில் இங்கே சட்டம் என்ன?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நல்ல மனிதர்கள்தான், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் அவர்கள் சொல்கிற பெற்றோர் உரிமையும் நாம் மனதில் வைத்திருக்கிற பெற்றோர் உரிமையும் ஒன்றில்லை. நாம் சொல்வது பிள்ளையின் மேல் நமக்குள்ள அதிகாரம்: என்ன படிப்பு, யாரைக் கல்யாணம், எத்தனை மணிக்கு வீட்டுக்கு வரணும். அவர்கள் சொல்வது அரசாங்கம் வீட்டுக்குள் வராமல் தடுக்கிற உரிமை. மகன் பதினெட்டு வயதில் "நான் வேறு ஊருக்குப் போகிறேன்" என்று பெட்டியைக் கட்டினால் அதே அப்பா காருக்குப் பெட்ரோல் போட்டு அனுப்பிவைப்பார். ஆனால் பள்ளிக்கூடம் அவரைக் கேட்காமல் மகனிடம் எதையாவது ஆரம்பித்தால் அடுத்த நாளே போய் நிற்பார்.

இதற்குப் பெரிய வரலாறு உண்டு, நமக்கும் அதில் பங்கு இருக்கிறது. முதல் உலகப் போர் முடிந்த கையோடு, ஜெர்மானியர் மேல் இருந்த கோபத்தில், நெப்ராஸ்கா மாநிலம் 1919-ல் ஒரு சட்டம் போட்டது: எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தைக்கும் வேற்று மொழி சொல்லித்தரக் கூடாது. லூத்தரன் என்ற கிறிஸ்தவப் பிரிவின் பள்ளி ஆசிரியர் ஒருவர் பத்து வயதுப் பிள்ளைக்கு ஜெர்மன் வாசிக்கச் சொல்லிக்கொடுத்தார் என்று தண்டித்தார்கள். 1923-ல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைத் தூக்கி எறிந்தது. இரண்டு வருடம் கழித்து, எல்லாப் பிள்ளைகளும் அரசுப் பள்ளிக்குத்தான் போகணும் என்ற ஓரிகன் மாநிலச் சட்டமும் விழுந்தது. அப்போது நீதிமன்றம் சொன்னது, குழந்தை அரசின் வெறும் படைப்பு இல்லை என்று. ஞாயிற்றுக்கிழமை நாம் யாரிடமும் அனுமதி கேட்காமல் தமிழ்ப் பள்ளி நடத்துகிறோமே, அதற்குப் பின்னால் இருக்கிற பாதுகாப்பில் அந்த ஜெர்மன் வாத்தியாரின் வழக்குக்கும் இடம் உண்டு. இப்போது 2025 ஜூனிலும் மேரிலாந்தின் மான்ட்கோமரி கவுண்டியில் முஸ்லிம், கிறிஸ்தவப் பெற்றோர்கள் சேர்ந்து, சில கதைப் புத்தகங்கள் வாசிக்கிற நேரத்தில் எங்கள் பிள்ளையை வெளியே விடுங்கள் என்று கேட்டுப் போட்ட வழக்கில் ஆறுக்கு மூன்று என்று பெற்றோர் பக்கம் தீர்ப்பு வந்தது. ஆகவே இந்த விஷயத்தில் உங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கு நீங்கள் ஆமாம் சொன்னதில் தப்பே இல்லை, குடியேறி வந்தவனுக்கு இது காப்பு. நான் முழு மனதோடு அவர்கள் பக்கம்.

கருக்கலைப்புச் சட்டம் விஷயத்தில்தான் நீங்கள் கொஞ்சம் நிதானிக்கணும்.

பென்சில்வேனியாவில் இன்றைக்கும் சட்டம் இதுதான்: பதினெட்டு வயதுக்குள் இருக்கிற பெண்ணுக்குக் கருக்கலைப்பு செய்ய அவள் சம்மதமும் வேண்டும், அப்பா அம்மா இரண்டு பேரில் ஒருவர் சம்மதமும் வேண்டும். வீட்டில் சொல்ல முடியாதவள் நீதிமன்றத்துக்குப் போகலாம், ரகசியமாக விசாரிப்பார்கள், வக்கீல் இல்லாவிட்டால் நீதிமன்றமே ஏற்பாடு செய்யும், அவள் பக்குவமானவள் என்றோ அவளுக்கு அதுதான் நல்லது என்றோ நீதிபதிக்குப் பட்டால் பெற்றோர் இல்லாமலே அனுமதி கொடுப்பார். உயிருக்கு ஆபத்தான அவசரம் என்றால் இதெல்லாம் பார்க்க மாட்டார்கள். 1992-ல் நாடே பார்த்துக்கொண்டிருந்த வழக்கு இந்தச் சட்டத்தின் மேல்தான் நடந்தது. வழக்கில் பெயர் இருந்த ஆளுநர் ராபர்ட் கேசி ஜனநாயகக் கட்சிக்காரர், கத்தோலிக்கர், கருக்கலைப்புக்குக் கடும் எதிரி. கட்சியை வைத்து ஆளை எடை போடாதீர்கள் என்று புதிதாக வருகிறவர்களிடம் நான் சொல்வதே இவரை வைத்துத்தான். மனைவி கணவனிடம் சொல்லியே ஆகணும் என்ற பிரிவை அன்றைக்கு நீதிமன்றம் ரத்து செய்தது, சிறு வயதுப் பெண்ணுக்குப் பெற்றோர் சம்மதம் என்ற பிரிவை விட்டுவைத்தது. 2022-ல் உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு உரிமையையே மாநிலங்கள் கையில் கொடுத்த பிறகு மாநிலத்துக்கு மாநிலம் நிலைமை தலைகீழ்: பக்கத்து மேற்கு வர்ஜீனியாவில் கிட்டத்தட்ட முழுத் தடை, நியூ ஜெர்சியில் பெற்றோர் சம்மதமே தேவையில்லை. நம் நாட்டிலும் 1971 சட்டப்படி பதினெட்டுக்குக் கீழே என்றால் காப்பாளர் எழுத்துமூலம் சம்மதம் தரணும், அதனால் உங்களுக்கு இது பழகிய ஏற்பாடாகத் தெரியும்.

பக்கத்து வீட்டம்மா என்ன வாதம் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். பள்ளியில் தலைவலிக்கு ஒரு மாத்திரை கொடுக்கக்கூட வீட்டில் கையெழுத்து வாங்குகிறார்கள், மியூசியம் கூட்டிப்போக கையெழுத்து, இது எவ்வளவு பெரிய விஷயம், இதற்கு மட்டும் அம்மாவுக்குத் தெரிய வேண்டாமா? வலுவான வாதம். பெண்ணைப் பெற்ற எவருக்கும் அது நெஞ்சில் படும்.

ஆனால் அவர் அங்கேயே நிற்கவில்லை. வீட்டில் தெரிந்தால் பெற்றோர் அவளைத் தாங்குவார்கள், குழந்தை பிறக்கும், வளர்க்கலாம் அல்லது தத்துக் கொடுக்கலாம் என்ற நம்பிக்கையில் அவர் பேசுகிறார். அவருடைய சர்ச்சில் தொட்டிலும் டயபரும் பால்பவுடரும் சேர்த்து வைத்திருப்பார்கள், பதினேழு வயதுப் பெண் வயிற்றைத் தள்ளிக்கொண்டு அதே சர்ச்சுக்கு வருவாள், கிழவிகள் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வார்கள், பார்த்திருக்கிறேன். நம் வீட்டில் என்ன நடக்கும்? யோசித்துப் பாருங்கள். பெண்ணின் ஆசை என்ன என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். யாருக்கும் தெரியாமல் முடித்துவிடு, ஊருக்குத் தகவல் போகக் கூடாது, சொந்தக்காரன் காதில் விழக் கூடாது. அதாவது அவர்கள் எதைத் தடுக்க இந்த உரிமையைக் கேட்கிறார்களோ, நம்மில் பலர் அதே உரிமையை வைத்து அதையே கட்டாயப்படுத்துவோம். மேசையில் உட்கார்ந்து இரண்டு பேரும் தலையாட்டுகிறீர்கள், ஆனால் அவர் நினைப்பது ஒன்று, நீங்கள் நினைப்பது இன்னொன்று. இங்கே சட்டம் அவளுடைய சம்மதத்தையும் கேட்கிறது என்பதை மறக்காதீர்கள், நீங்கள் கூட்டிப்போய்ப் படுக்க வைக்க முடியாது.

என் கருத்தைக் கேட்டால், அந்த நீதிபதியின் கதவு திறந்திருக்கிறவரை இந்தச் சட்டத்தை ஏற்றுக்கொள்கிறேன், அந்தக் கதவை அடைக்கணும் என்று யாராவது சொன்னால் ஏற்க மாட்டேன். வீட்டுக்குள்ளேயே அடிக்கிறவனும் அதைவிட மோசம் செய்கிறவனும் இருக்கிறான், அந்தப் பெண் யாரிடம் போய்க் கையெழுத்து வாங்குவாள்? இதைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் மரியாதையாகச் சொல்லலாம், கோபிக்க மாட்டார்கள். எல்லாவற்றுக்கும் ஆமாம் போடுகிறவனைவிட, இதில் எனக்கு வேறு எண்ணம் என்று சொல்கிறவனைத்தான் இவர்கள் நம்புவார்கள்.

அப்புறம் மகள் விஷயத்தில் இன்னும் இரண்டு உண்டு, வீட்டம்மாவிடமும் சொல்லிவையுங்கள். குழந்தை டாக்டரிடம் கூட்டிப்போவீர்கள், எடை உயரம் எல்லாம் பார்த்த பிறகு டாக்டர் சிரித்த முகமாக, "அம்மா, ஒரு ஐந்து நிமிடம் வெளியே உட்காருங்கள்" என்பார். நம் அம்மாக்களுக்குத் தூக்கிவாரிப் போடும், இவளிடம் எனக்குத் தெரியாமல் என்ன பேச்சு என்று. அது இங்கே வழக்கம், டீன் ஏஜ் பிள்ளைகள் எல்லோரையும் அப்படித்தான் தனியாகக் கேட்பார்கள், எழுந்து வெளியே போங்கள். வண்டியில் ஏறினதும் என்ன கேட்டார் என்று குடையாதீர்கள். இந்த மாநிலத்தில் பதினான்கு வயது ஆனால் மனநல சிகிச்சைக்குப் பிள்ளையே சம்மதம் சொல்லலாம், பால்வினை நோய்க்கான சோதனைக்கும் சிகிச்சைக்கும் பெற்றோர் கையெழுத்து வேண்டாம். உங்கள் மகள் பயப்படாமல் உங்களிடம் வந்து சொல்கிற மாதிரி வீடு இருந்தால் எந்தச் சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கவலையில்லை. "சொன்னால் கொன்னுடுவேன்" என்று விளையாட்டுக்குக்கூட வீட்டில் பேசாதீர்கள், தம்பி. இந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்த பெண்கள் எத்தனை பேர் வெளியே தெரியாமல் தவிக்கிறார்கள் என்று நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

போர் விஷயத்துக்கு வருகிறேன். இதில் நம்மவர்கள் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது சகஜம், ஏனென்றால் நமக்கு அது செய்தி, அவர்களுக்கு அது வீட்டு விஷயம். 2001 செப்டம்பர் 11 அன்று கடத்தப்பட்ட நாலாவது விமானம் விழுந்தது இந்த மாநிலத்தில்தான், ஷாங்க்ஸ்வில் பக்கத்து வயலில், நீங்கள் இருக்கிற இடத்திலிருந்து காரில் சீக்கிரம் போய்விடலாம், ஒரு நாள் குடும்பத்தோடு போய்ப் பாருங்கள். அப்புறம் இங்கே நேஷனல் கார்ட் என்று ஒன்று உண்டு, மாதத்தில் ஒரு வார இறுதி பயிற்சிக்குப் போகிற சாதாரண ஆட்கள், குழாய் ரிப்பேர் செய்கிறவர், வாத்தியார், கடைக்காரர். பென்சில்வேனியாவின் அந்தப் படைப்பிரிவு 2005-ல் ஈராக்கின் ரமாதிக்குப் போனது. அவர்கள் கிளம்பிப் போன ஊர்த் தெருவில் நின்றுகொண்டு "அந்தப் போரே தேவையில்லை" என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. செத்தவர்கள் செத்தது வீணாகக் கூடாது, நம்மை நம்பி நம் பக்கம் நின்ற அந்த ஊர்க்காரனை நடுத்தெருவில் விட்டுவிட்டு வரக் கூடாது, இதுதான் அவர்கள் வாதத்தின் உள்ளே இருப்பது. 2021 ஆகஸ்டில் காபூல் விமான நிலைய வாசலில் பதின்மூன்று அமெரிக்க வீரர்கள் செத்தபோது இங்கே பலர் அழுததற்கும் அதுவே காரணம்.

ஆனால் உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரியான பழமைவாதிகள் எல்லோரும் இதில் ஒரே மாதிரி என்று எண்ண வேண்டாம். 2005 நவம்பரில் ஈராக்கிலிருந்து படையைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்று உரக்கச் சொன்ன ஜான் மர்த்தா, ஜான்ஸ்டவுன் பகுதி எம்.பி., முன்னாள் மரீன் படைவீரர், ராணுவத்துக்கு நெருக்கமானவர், ஜனநாயகக் கட்சியில் பழமைவாதியாக அறியப்பட்டவர். போரைக் கடைசிவரை ஆதரித்த, இந்த மாநிலத்துக் குடியரசுக் கட்சி செனட்டர் ரிக் சான்டோரம் 2006-ல் பெரிய வித்தியாசத்தில் தோற்றார், தோற்கடித்தவர் மேலே சொன்ன ஆளுநர் கேசியின் மகன், அவரும் தன்னைக் கருக்கலைப்பு எதிர்ப்பாளர் என்றே சொல்லிக்கொண்டவர். ஈராக் போர் பெரிய தவறு என்று 2016-ல் மேடையில் சொன்ன டிரம்புக்கு அதே மக்கள் வாக்களித்தார்கள். பக்கத்து வீட்டுக்காரரின் தம்பியே வேறு மாதிரி பேசலாம்.

அவர்கள் வீட்டு ஜன்னலில் சிவப்புக் கரை போட்ட சின்ன வெள்ளைத் துணியில் நீல நட்சத்திரம் தொங்குகிறதா என்று பார்த்தீர்களா? அந்த வீட்டிலிருந்து ஒருவர் படையில் இருக்கிறார் என்று பொருள். பொன்னிற நட்சத்திரம் என்றால் போனவர் திரும்பவில்லை. அடுத்த முறை சாப்பிடப் போகிறதுக்கு முன்னால் அதைக் கவனித்துக்கொள்ளுங்கள், நீல நட்சத்திரம் என்றால் யார், எங்கே இருக்கிறார் என்று தயங்காமல் கேளுங்கள், சந்தோஷமாகச் சொல்வார்கள்.

கடைசியாக மகன். பெற்றோர் உரிமையும் போரும் உங்கள் வீட்டில் சேர்கிற இடம் இதுதான், நீங்கள் கேட்கவே இல்லை. 2002-ல் அதிபர் புஷ் கையெழுத்திட்ட கல்விச் சட்டத்திலிருந்து, உயர்நிலைப் பள்ளிகள் மாணவரின் பெயர், முகவரி, தொலைபேசி எண்ணைக் கேட்கிற ராணுவ ஆளெடுப்பாளருக்குக் கொடுத்தாகணும். வேண்டாம் என்றால் பெற்றோர் எழுத்தில் சொல்லிவிடலாம். ஆகஸ்டில் பள்ளி திறக்கும்போது வருகிற காகிதக் கட்டில் அந்தப் படிவமும் பெரும்பாலும் இருக்கும், இல்லையென்றால் அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். பதினேழு வயதில் படையில் சேர பெற்றோர் கையெழுத்து கட்டாயம், பதினெட்டில் அவன் இஷ்டம். இப்போது அவன் எச்-4-ல், அதாவது வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்கான விசாவில், இருப்பதால் சேரவும் முடியாது, பதினெட்டு ஆனவுடன் செலக்டிவ் சர்வீஸில், அதாவது கட்டாய ராணுவ சேவை வந்தால் கூப்பிடுவதற்கான பட்டியலில், பதிவு செய்யவும் தேவையில்லை. ஆனால் இருபத்தாறு வயதுக்குள் கிரீன் கார்டு கையில் வந்தால் அவன் பெயர் அந்தப் பட்டியலில் இருந்தாகணும், இல்லாவிட்டால் குடியுரிமை கேட்கும்போது கேள்வி வரும். படிவத்தில் என்ன எழுதுவது என்று நான் சொல்ல மாட்டேன். மகனை உட்கார வைத்து அவனிடம் கேட்டுவிட்டு நிரப்புங்கள்.