தொழில் கேள்வி பதில்: ரெண்டாவது விஎம்சி வாங்கறதுக்கு முன்னாடி

கேள்வி: அம்பத்தூர் எஸ்டேட்ல சின்ன மெஷினிங் யூனிட் வச்சிருக்கேன். இப்போ திருமுடிவாக்கத்துல 20க்கு 40 மீட்டர் ஷெட் எடுத்திருக்கோம். ஒரு பார்ட் நாளைக்கு 150 போகுது, கஸ்டமர் 200 கேக்கறாங்க. ஒரு பீஸுக்கு லேத்ல 95 செகண்ட், விஎம்சில (கம்ப்யூட்டர் கன்ட்ரோல்ல ஓடற மில்லிங் மெஷின்) 170, செக்கிங் 110. லேத்ல வெரைட்டி மாத்த தினமும் ரெண்டு செட்டிங், ஒண்ணுக்கு 40 நிமிஷம். இன்னொரு விஎம்சி வாங்கினா போதும்னு நான் சொல்றேன், சாஃப்ட்வேர்ல சிமுலேஷன் (மொத்த லைனையும் கம்ப்யூட்டர்லயே ஓட்டிப் பாக்கறது) பண்ணிட்டுதான் எதையும் செய்யணும்னு பையன் சொல்றான். என்ன செய்யலாம்?
– வாசகர், அம்பத்தூர்

பதில்: சார், நீங்க குடுத்த நம்பரை வச்சு முதல்ல ஒரு பேப்பர்ல கணக்கு போட்டுடுவோம். ஷிப்டு 480 நிமிஷம், சாப்பாடு 30, டீ ரெண்டு பத்து நிமிஷம் போனா 430, அதாவது 25,800 செகண்ட். 200 பீஸ் வேணும்னா 129 செகண்டுக்கு ஒண்ணு வெளிய வரணும், இதைத்தான் டாக்ட் டைம்னு சொல்றாங்க. விஎம்சி 170 எடுக்குது, அதனாலதான் 151க்கு மேல போக மாட்டேங்குது. இது வரைக்கும் நீங்க சொல்றது சரி.

ஆனா லேத்தையும் பாருங்க. 95 செகண்ட்தானேன்னு விட்டுடறோம், செட்டிங்குக்கே 80 நிமிஷம் போயிடுது, மிச்சம் 350 நிமிஷத்துல 221 பீஸ்தான் வரும், அதுலயும் இன்சர்ட் (வெட்டற முனை) மாத்தறது, சிப்பு (வெட்டி விழற உலோகச் சுருள்) சிக்கறதுன்னு பத்துல ஒரு பங்கு நேரம் போச்சுன்னா 199. அப்போ லட்சக்கணக்குல லோன் போட்டு ரெண்டாவது விஎம்சி இறக்கினதுக்கு அப்புறமும் 200 தொட மாட்டீங்க, இந்த தடவை லேத் இழுத்துப் பிடிக்கும். அதே செட்டிங்கை, ஜா (பீஸைப் பிடிக்கிற தாடை), டூல் எல்லாம் முந்தின ஜாப் ஓடும்போதே பக்கத்துல ரெடியா எடுத்து வச்சு 15 நிமிஷத்துக்கு கொண்டு வந்தா, அந்த பத்துல ஒண்ணு கழிச்சும் லேத் 227 குடுக்கும். பெரிய செலவு இல்ல. அதனால முதல்ல செட்டிங்கை குறைங்க, விஎம்சி அப்புறம்.

சரி, பேப்பரே போதும்னா சாஃப்ட்வேர் எதுக்குன்னு கேப்பீங்க. பேப்பர் கணக்குல எல்லா பீஸும் ஒரே நேரம் எடுக்கும், நிஜத்துல அப்படி இல்ல. லேத் செட்டிங்குக்கு நிக்கிற நேரத்துல விஎம்சி முன்னாடி எத்தனை கிரேட் (பீஸ் வைக்கிற பெட்டி) ஸ்டாக் இருந்தா அது பட்டினி கிடக்காது, செக்கிங் ஆள் ஒருத்தர் லீவு போட்டா எங்க தேங்கும், இதெல்லாம் ஒண்ணோட ஒண்ணு பின்னிக் கிடக்கிற விஷயம், கையால போட்டா தலை சுத்திடும், சிமுலேஷன்ல ஒரு மாச உற்பத்தியை சில நிமிஷத்துல ஓட்டிப் பாக்கலாம். பணம் குடுத்து வாங்கணும்னு அவசியம் இல்ல, ஜாம்சிம் இலவசம், பையனுக்கு பைத்தான் தெரிஞ்சா சிம்பை இருக்கு. ஒரே ஒரு விஷயம் அவர்கிட்ட கண்டிப்பா சொல்லுங்க: புது ஷெட்டை மாடல் பண்றதுக்கு முன்னாடி இப்போ இருக்கிற பழைய ஷெட்டை மாடல் பண்ணணும். அது 150 பக்கம் காட்டணும், 190 காட்டினா எங்கயோ ஒரு நேரத்தை விட்டுட்டார்னு அர்த்தம், அதை கண்டுபிடிக்காம அந்த மாடலை நம்பி ஒரு போல்ட்டை கூட கழட்டாதீங்க. அப்புறம் ஒரு தடவை மட்டும் ஓட்டிட்டு நிறுத்தக் கூடாது, இருபது முப்பது தடவை ஓட்டி எதுலேந்து எது வரைக்கும் போகுதுன்னு பாக்கணும்.

லேஅவுட்டுக்கு வருவோம். ஒரு நாள் ஒரு கிரேட் பின்னாடியே நடந்து அது போற வழியை பேப்பர்ல கோடா வரைங்க. லேத்துக்கும் விஎம்சிக்கும் நடுவுல 40 மீட்டர்னு வைங்க, தினம் 30 டிரிப்புன்னா 1,200 மீட்டர், 300 நாளுக்கு 360 கிலோமீட்டர், சென்னையிலேந்து பெங்களூரு வரைக்கும் உங்க ஹெல்பர் டிராலி தள்ளிட்டு போற மாதிரி, அதுவும் போற வழி மட்டும்தான். எந்த ரெண்டு மெஷினுக்கு நடுவுல போக்குவரத்து ஜாஸ்தியோ அது ரெண்டும் பக்கத்துல வரணும். வரையறதுக்கு ஆட்டோகேட் நல்லது, அது இல்லன்னாலும் ஒரு மீட்டருக்கு ரெண்டு சென்டிமீட்டர்னு அட்டையை வெட்டுங்க, உங்க ஷெட்டே 40க்கு 80 சென்டிமீட்டர்ல மேஜை மேல வந்துடும், ஆப்பரேட்டருங்களையும் கூப்பிட்டு நகர்த்திப் பாக்கச் சொல்லுங்க. மெஷின் சைஸ் மட்டும் வெட்டாதீங்க, பேனல் கதவு திறக்கிற இடம், சிப்பு அள்ளற இடம், சர்வீஸ்காரர் பின்னாடி நுழையற இடம் எல்லாம் சேர்த்து வெட்டணும்.

தண்ணி விஷயத்தை எந்த சாஃப்ட்வேரும் தானா கேக்காது. 2015 டிசம்பரும் 2023 மிக்ஜாமும் அம்பத்தூர்ல இருக்கிற உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. புது இடத்துல அக்கம்பக்கத்து யூனிட்ல போய் மழைக்கு தண்ணி எவ்வளவு உயரம் வந்துச்சுன்னு கேட்டு, பேனல், கம்ப்ரஸர், ஸ்பிண்டில் மோட்டார் எல்லாம் அதுக்கு மேல வர மாதிரி மேடை கட்டிட்டு அப்புறம் மெஷினை இறக்குங்க.

கேள்வி: ஒரகடத்துல டிரெய்னியா இருக்கேன். பிளான்ட் சிமுலேஷனா, பிராசஸ் சிமுலேட்டா, எதை கத்துக்கலாம்?
– வாசகி, படப்பை

பதில்: ரெண்டும் சீமென்ஸோட டெக்னோமேட்டிக்ஸ்ங்கற சாஃப்ட்வேர் வரிசைதான்மா, வேலை வேற. முதலாவது பொருள் ஓட்டம், எங்க தேங்குது, எவ்வளவு வெளிய வருதுன்னு பாக்க. ரெண்டாவது ரோபோ கை எட்டுதா, எதுலயாவது இடிக்குதான்னு பாக்க. வெல்டிங் லைன்ல இருந்தா ரெண்டாவது, பிளானிங்ல போகணும்னா முதலாவது, அதுக்கு மாணவர் எடிஷன் இலவசமா இருக்கு. சீனியருங்க ஈஎம்-பிளான்ட்னு சொன்னா குழம்பாதீங்க, அது இதோட பழைய பேர்தான். டெக்னோமேட்டிக்ஸை 2005ல யூஜிஎஸ்ங்கற சாஃப்ட்வேர் கம்பெனி வாங்குச்சு, யூஜிஎஸ்ஸை 2007ல சீமென்ஸ் வாங்குச்சு.

கேள்வி: டைம் ஸ்டடிக்கு ஸ்டாப்வாட்ச் எடுத்துட்டு போனாலே ஆப்பரேட்டருங்க மெதுவா பண்றாங்க. எப்படி சரியான நேரம் எடுக்கறது?
– வாசகர், கிண்டி

பதில்: அவங்க பயம் நியாயமானது சார், இன்னிக்கு 90 செகண்ட்ல முடிச்சா நாளைக்கு அதையே டார்கெட் ஆக்கிடுவாங்கன்னு பல இடத்துல பட்டிருக்காங்க. எதுக்கு எடுக்கறோம்னு முன்னாடியே உக்காந்து பேசுங்க, ஷீட்ல ஆள் பேர் எழுதாதீங்க, மெஷின் நம்பர் போதும். ஒவ்வொரு வேலைக்கும் முப்பது ரீடிங்காவது எடுங்க, ஆவரேஜ் மட்டும் வச்சுட்டு மிச்சத்தை தூக்கிப் போடாதீங்க, அந்த ஏத்த இறக்கம்தான் சிமுலேஷனுக்கு தேவை.

நான் ஒரு கம்பெனியில லைன் மாடல் பண்ணப்போ மாடல்ல வந்த எண்ணிக்கை நிஜத்தை விட எப்பவும் ஜாஸ்தியாவே இருந்துச்சு, ரெண்டு வாரம் கம்ப்யூட்டர் முன்னாடியே உக்காந்து தேடினேன், கிடைக்கல. கடைசியில ஒரு வயசான ஆப்பரேட்டர்தான் கூப்பிட்டு காமிச்சார், மூணு மெஷினுக்கும் சேர்த்து ஒரே ஒரு பிளக் கேஜ் (துளை அளவு சரியான்னு பாக்கற கருவி), ஒவ்வொரு தடவையும் யார்கிட்ட இருக்குன்னு தேடிப் போய் வாங்கிட்டு வரணும். அந்த கேஜையும் மாடல்ல சேர்த்தேன், எண்ணிக்கை ஒத்துப் போச்சு. அடுத்த வாரமே இன்னும் ரெண்டு கேஜ் வாங்கிக் குடுத்தாங்க.