விசிறி இல்லாத கணினியும் உங்கள் மகளின் விருப்பமும்

கணினி அறிவியல் கிடைக்கும் அளவுக்கு மதிப்பெண் இருந்தும், தொழிற்சாலைக் கணினிகளை உருவாக்கும் வேலைக்கே போவேன் என்று மகள் பிடிவாதம் பிடிப்பதாகவும், அப்படியொரு வேலை உண்மையில் உண்டா என்றும் கேட்டிருந்தீர்கள். உண்டு. ரயில் பெட்டியிலும் சுரங்க வாகனத்திலும் உருக்காலையிலும் இரவு பகலாக இயங்கும் கணினிகளை யாரோ வடிவமைத்து, நிரல் எழுதி, சோதித்துத்தான் அனுப்புகிறார்கள்.

அத்தகைய கணினி பலவற்றில் விசிறியே இருக்காது. விசிறி தூசியை உள்ளே இழுக்கும் என்பதோடு, சுழலும் பாகம் என்பதால் தேய்ந்து முதலில் நிற்பதும் அதுதான். ஆகவே செயலியின் வெப்பத்தை அலுமினியப் பெட்டிக்கே கடத்தி, அதன் முதுகில் வரிசையாக நிற்கும் தகடுகள் வழியே வெளியேற்றுகிறார்கள். அதிர்வில் கழன்றுவிடாதிருக்க, நினைவகத்தைச் செருகாமல் மின்சுற்றுப் பலகையிலேயே பற்றவைப்பதும் உண்டு. சாதாரணச் சில்லுகள் 0 முதல் 70 டிகிரி செல்சியஸ் வரை தாங்கினால் போதும். தொழில்துறைத் தரச் சில்லுகள் மைனஸ் 40 முதல் 85 வரை தாங்க வேண்டும். சூடு 10 டிகிரி கூடினால் மின்னூட்டத்தைச் சேமித்துத் தரும் எலக்ட்ரோலிட்டிக் மின்தேக்கி என்ற பாகத்தின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளர்களின் கைக்கணக்கு. இயற்பியல் பிடிக்காத பிள்ளைக்கு இந்தத் துறை ஒத்துவராது என்று நான் சொல்வது இதனால்தான்.

மின்னணுவியல், மின்னியல், கருவியியல் ஆகிய மூன்றில் எதைப் படித்தாலும் இதற்குள் வரலாம். கணினி அறிவியல் படித்தவர்களும் வருகிறார்கள், ஆனால் அவர்கள் மின்சுற்றைத் தனியாகக் கற்க வேண்டியிருக்கும். சி என்ற நிரல் மொழி, லினக்ஸ் இயங்குதளம், மின்சைகைகளை அலைகளாகத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்பைக் கையாளும் பழக்கம் ஆகியவை கட்டாயம். படித்ததெல்லாம் ஐந்தாண்டில் பழசாகிவிடும் என்று பல பெற்றோர் அஞ்சுகிறார்கள். ஆலைக் கருவிகள் ஒன்றோடொன்று தரவு பரிமாறிக்கொள்ள 1979-இல் வந்த மோட்பஸ் நெறிமுறை இன்றும் ஆலைகளில் ஓடிக்கொண்டிருப்பதை அவர்களுக்கு நான் எடுத்துக்காட்டுவதுண்டு.

குறையையும் மறைக்க விரும்பவில்லை. கைபேசி ஆப் எழுதுவது போன்ற மென்பொருள் வேலைகளோடு ஒப்பிட்டால் இதில் காலியிடங்கள் குறைவு. தொடக்கத்தில் பலருக்குச் சோதனைக்கூட வேலைதான் கிடைக்கும். தூசியும் தண்ணீரும் உள்ளே புகாது என்பதற்கான ஐபி67 தரம் கோரும் பெட்டியை ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் மூழ்கவைத்து, வெளியே எடுத்துத் துடைத்து, உள்ளே ஈரம் கசிந்திருக்கிறதா என்று பார்ப்பது போன்ற பொறுமை கேட்கும் வேலை அது.

மகளின் விருப்பம் எவ்வளவு உறுதியானது என்பதை அறிய ஒரு வழி சொல்கிறேன். மைக்ரோகன்ட்ரோலர் எனப்படும் ஒற்றைச் சில்லுக் கணினி பொருத்திய சிறிய பலகை ஒன்றையும் வெப்ப உணரி ஒன்றையும் வாங்கிக் கொடுத்து, நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைப் பதிவுசெய்யும் கருவியை ஒரு மாதம் நிற்காமல் ஓட்டச் சொல்லுங்கள். நடுவில் ஒருநாள், அவருக்குத் தெரியாமல், மின்சாரத்தைத் துண்டித்து மீண்டும் கொடுங்கள். சலித்துப்போய் அதைத் தூக்கி வைத்துவிடுகிறாரா, அல்லது எந்தப் பதிவோடு நின்றது, ஏன் தானாக மீண்டு எழவில்லை என்று தேடத் தொடங்குகிறாரா என்பதைக் கவனித்துவிட்டு, விண்ணப்பம் அனுப்புவதற்கு முன் இருவரும் என்னை வந்து பாருங்கள்.