கோடை முகாமில் சேர்க்கும் முன் யாரிடம் விசாரிப்பது?

கேள்வி: என் மகளுக்கு 6 வயது. காலையில் விட்டு மாலையில் கூட்டிவரும் கோடைப் பகல் முகாம் ஒன்றில் சேர்க்க நினைக்கிறோம். போன வருடம் பிள்ளைகளை அனுப்பியவர்களில் சிலர் ஆகா ஓகோ என்கிறார்கள். சிலர் அந்தப் பக்கமே போகாதீர்கள் என்கிறார்கள். அங்கே வேலை பார்த்த ஒரு பெண்ணோ, "பிள்ளைகள் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள், எங்களுக்குத்தான் மூச்சுவிட நேரமில்லை" என்றார். யார் பேச்சை நம்புவது?

பதில்: எல்லோரும் உண்மையே சொல்லியிருக்கலாம். ஆனாலும் நான் முதலில் காதுகொடுப்பது அந்தப் பெண்ணின் பேச்சுக்குத்தான். பெற்றோர் முகாமைப் பார்ப்பது காலையில் வாசலில் கொஞ்ச நேரம், மாலையில் கொஞ்ச நேரம். நடுவில் நடப்பதெல்லாம் ஊழியர்களுக்குத்தான் தெரியும்.

மூச்சுவிட நேரமில்லை என்றால், பெரும்பாலும் ஒருவர் தலையில் அளவுக்கு மீறிப் பிள்ளைகளைக் கட்டியிருக்கிறார்கள் என்று பொருள். அமெரிக்க முகாம் சங்கம் பகல் முகாம்களுக்கு வைத்திருக்கும் அளவு இது: 5 வயது வரை 6 பிள்ளைகளுக்கு ஓர் ஊழியர், 6 முதல் 8 வயதுக்கு 8 பேருக்கு ஒருவர், 9 முதல் 14 வரை 10 பேருக்கு ஒருவர். நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும் இதை வைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒன்றில் மட்டும் கவனம் தேவை. அலுவலகத்தில் இருப்பவர், வண்டி ஓட்டுபவர் எல்லோரையும் சேர்த்து வகுத்து ஒரு கணக்குச் சொல்வார்கள். அதை ஏற்காதீர்கள். "மதியம் 2 மணிக்கு என் மகளின் குழுவில் எத்தனை பிள்ளைகள், கூட நிற்பது யார், அவர் சாப்பிடப் போனால் யார் பார்த்துக்கொள்வார்?" என்று கேளுங்கள். நன்றாக நடக்கும் முகாமில் இதற்கு உடனே பதில் வரும்.

அடுத்து, ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகும் நேரம். திடலில் விளையாட்டு முடிந்து கைவேலை அறைக்குக் கிளம்புகிறார்கள் என்று வையுங்கள். ஒருத்திக்குச் செருப்பு வார் அறுந்திருக்கும், ஒருவன் கழிப்பறைக்கு அவசரப்படுவான், இரண்டு பேர் வரிசையில் முதலில் நிற்கச் சண்டை போடுவார்கள். பிள்ளை காணாமல் போக வாய்ப்பு அதிகம் இந்த ஐந்து நிமிடத்தில்தான். தேர்ந்த ஊழியர் கையில் பெயர்ப் பட்டியல் இருக்கும். கிளம்பும்போது பெயர் சொல்லி எண்ணுவார், போய்ச் சேர்ந்ததும் மறுபடி எண்ணுவார். முகாம் நடக்கும் நாளில் போய்ப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால், விளையாட்டைவிட இதைப் பாருங்கள்.

நீச்சல் இருந்தால் கூடுதல் கண்டிப்பு வேண்டும். நீரில் மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கூச்சல் போடாது, சத்தமே இல்லாமல் உள்ளே போய்விடும். அதனால் கண்காணிப்பவருக்கு வேறு எந்த வேலையும் தரக் கூடாது. நீந்தத் தெரியாத பிள்ளைக்கு எட்டிப் பிடிக்கும் தூரத்தில் ஒரு பெரியவர் தண்ணீருக்குள்ளேயே நிற்க வேண்டும். வெயில் ஏறினால் வெளி விளையாட்டை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு என்பதையும் கேட்டுவிடுங்கள். மற்றவர் கண்ணில் படாத இடத்தில் எந்தப் பெரியவரும் ஒரு குழந்தையோடு தனியே இருக்கக் கூடாது என்ற விதி, கழிப்பறை விஷயத்தில் எப்படி நடைமுறையில் இருக்கிறது என்பதையும் கேளுங்கள்.

இனி பெற்றோரின் குறைகள். தண்ணீர் பாட்டில் தொலைந்தது, போட்டோ அனுப்பவில்லை என்பதையெல்லாம் தள்ளிவிடலாம். "விழுந்து முட்டியில் அடி" என்பதும் ஓடியாடும் இடத்தில் நடப்பதுதான். "அடிபட்டதே மாலையில் பிள்ளை சொல்லித்தான் தெரிந்தது" என்று ஒருவர் சொன்னால் மட்டும் நின்று கேளுங்கள். சின்ன அடியை மறைக்கும் இடம் பெரியதையும் மறைக்கும். இரண்டு மூன்று பேர் தனித்தனியே இதையே சொன்னால் நான் அங்கே சேர்க்கமாட்டேன்.

அந்தப் பெண்ணிடம் இன்னொரு முறை பேசுங்கள். முகாம் தொடங்கும் முன் பயிற்சி தந்தார்களா, ஒரு பிள்ளை அடம்பிடித்தபோது உதவிக்கு யார் வந்தார்கள், மறு வருடமும் எத்தனை பேர் வேலைக்குத் திரும்பினார்கள் என்று கேளுங்கள். கடைசியாக, "உங்கள் வீட்டுப் பிள்ளையை அங்கே விடுவீர்களா?" என்றும் கேட்டுவிடுங்கள். அவர் தயங்கினால் அதையும் பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஊழியர்கள் அடிக்கடி சொல்லும் வருத்தம் ஒன்று உண்டு. சேர்க்க மறுத்துவிடுவார்களோ என்று பயந்து, பிள்ளையின் ஒவ்வாமை, மூச்சிழுப்பு, சிறுநீர் அடக்க முடியாத சிரமம் போன்றவற்றைப் பெற்றோர் படிவத்தில் எழுதாமல் விடுகிறார்கள். இழுப்பு வந்து நிற்கும் பிள்ளைக்கு மருந்து எந்தப் பையில் என்று தேடுவது எவ்வளவு பெரிய கொடுமை! ஒன்று விடாமல் எழுதுங்கள். மகளைக் கூட்டிப்போக யார் யார் வரலாம் என்பதையும் எழுதிக்கொடுங்கள்.

முதல் சில நாள் வாசலில் அழுவாள். பகலெல்லாம் சமர்த்தாக இருந்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் அற்ப விஷயத்துக்குக் கத்துவாள். அது களைப்பு, தூங்கவிட்டால் சரியாகும். ஆனால் ஒரு குறிப்பிட்ட ஆளையோ இடத்தையோ சொல்லி "அங்கே போகமாட்டேன்" என்று மறுத்தால், நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாமல் மறுநாள் முகாமுக்கு அனுப்பும் முன்பே பொறுப்பாளரிடம் நேரில் பேசிவிடுங்கள்.