கை கால் பிடித்துவிடும் படிப்பு என்று சொன்ன தாய்மாமனுக்கும் சேர்த்து

சென்ற வாரம் குடியாத்தத்திலிருந்து ஒரு குடும்பம், மகளை என்ன படிக்க வைக்கலாம் என்று கேட்க, காட்பாடியில் என்னைப் பார்க்க வந்தது. தந்தை, தாய், மூத்த மகள், அவர்களோடு ராணிப்பேட்டையில் தோல் வியாபாரம் செய்யும் தாய்மாமன். மகள் நீட் தேர்வை இரண்டு முறை எழுதியும் மருத்துவ இடம் கிடைக்கவில்லை. மூன்றாம் முறையும் எழுத வேண்டும், அப்போதும் அமையாவிட்டால் நிலத்தை விற்று வெளிநாட்டுக்கு அனுப்பி மருத்துவம் படிக்க வைக்க வேண்டும் என்பது மாமாவின் முடிவு. பிசியோதெரபி படிக்கிறேன் என்று அந்தப் பெண் மெல்லிய குரலில் சொன்னபோது, "டாக்டராக வேண்டியவளைக் கை கால் பிடித்துவிட அனுப்புவதா?" என்று அவர் கேட்டார். அன்று எல்லோரையும் சமாதானப்படுத்தி அனுப்பிவிட்டேன். அது தவறு என்று பிறகு தோன்றியதால், தந்தைக்கு இதை எழுதுகிறேன்.

ஐயா,

முதலில் பணத்தைப் பேசிவிடுவோம். வெளிநாட்டில் மருத்துவம் படித்துத் திரும்புகிறவர்கள் இங்கே தொழில் செய்ய ஒரு தகுதித் தேர்வில் தேற வேண்டும். அண்மை ஆண்டுகளில் அதை எழுதியவர்களில் பெரும்பாலோர் தேறவில்லை. அந்த வாய்ப்பை நம்பி நஞ்சை நிலத்தை விற்பதற்கு நான் ஒருபோதும் ஒப்புதல் சொல்ல மாட்டேன். இளைய மகளுக்கும் அதில் பங்கு உண்டு என்பதை மைத்துனரிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும். மூன்றாம் முறை நீட் எழுதுவதைப் பொறுத்தவரை, அவளே வேண்டாம் என்கிறாள். அந்த ஓராண்டு அவளுடையது. பொறியியல், நர்சிங், வங்கித் தேர்வு பற்றியெல்லாம் சொல்லித்தர ஊரே இருக்கிறது, அவற்றை விட்டுவிடுகிறேன்.

நீங்கள் காபி குடிக்கப் போயிருந்தபோது அவள் ஒரு நோட்டைக் காட்டினாள். உங்கள் தாயார் முறத்தை மடியில் வைத்துச் சம்மணமிட்டுப் பல்லாண்டுகள் பீடி சுற்றியவர். முழங்காலும் இடுப்பும் இன்று அவரை எழவிடுவதில்லை. மருத்துவமனையில் சொல்லித்தந்த பயிற்சியை அவர் செய்கிறாரா என்று பார்க்க, பேத்தி ஞாயிறுதோறும் செல்போனில் அரை நிமிடம் வைத்துக்கொண்டு, பாட்டி கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழுகிறார் என்று எண்ணியிருக்கிறாள். 5, 5, 6, பிறகு 4, அதன்பின் 7, 9. நான்கு என்ற எண்ணுக்குப் பக்கத்தில், "சிரசுத் திருவிழா, நாள் முழுக்க நின்றார்கள்" என்று எழுதியிருந்தாள். வலி பத்துக்கு எத்தனை என்பதற்குத் தனிக் கட்டம். முப்பது விநாடி நாற்காலிச் சோதனை என்பது உலகெங்கும் முதியோரின் கால் வலுவை அளக்கப் பயன்படும் முறை என்பது அவளுக்குத் தெரியாது. யாரும் கேட்காமலே ஒருத்தி இப்படிக் கணக்கு வைக்கிறாள் என்றால், அவள் மனம் எங்கே இருக்கிறது என்று அறிய உளவியல் தேர்வு எதுவும் தேவையில்லை.

பிசியோதெரபி என்றதும் தைலமும் மசாஜும் நினைவுக்கு வருவது நம் ஊர் வழக்கம். இன்று அந்தத் துறையின் நடுவில் இருப்பது, உடற்பயிற்சியை மருந்தைப்போல அளவு பார்த்துக் கொடுப்பது எப்படி என்ற ஆராய்ச்சி. 1953-இல் ஜெரமி மாரிஸ் என்பவர் லண்டனின் மாடிப் பேருந்துகளில் உட்கார்ந்தே ஓட்டிய ஓட்டுநர்களையும், மாடிப்படி ஏறி இறங்கிய நடத்துநர்களையும் ஒப்பிட்டு, நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவு என்று கண்டதிலிருந்து இது வளர்ந்து வந்திருக்கிறது. நம் சென்னையை மையமாகக் கொண்டு நடந்து 2006-இல் வெளியான நீரிழிவுத் தடுப்பு ஆய்வைப் பாருங்கள். சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரில், உணவையும் உடலுழைப்பையும் திருத்திக்கொண்டவர்களுக்கு நோய் வரும் அபாயம் 28.5 சதவீதம் குறைந்தது; மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் எடுத்தவர்களுக்கு 26.4, இரண்டையும் சேர்த்தவர்களுக்கு 28.2 மட்டுமே. இடுப்பு வலி குணமானவர்களைப் படிப்படியாக நடக்க வைத்து ஆஸ்திரேலியாவில் நடந்து 2024-இல் வெளியான ஆய்வில், நடந்தவர்களுக்கு வலி திரும்பி வர நடுமதிப்பாக 208 நாட்கள் ஆயின. மற்றவர்களுக்கு 112 நாட்கள். 2025-இல் வெளியான இன்னொன்று, அறுவையும் கீமோதெரபியும் முடிந்த 889 பெருங்குடல் புற்றுநோயாளிகளைப் பற்றியது. மூன்றாண்டு முறையான பயிற்சியில் இருந்தவர்களில் 90.3 சதவீதத்தினர் எட்டாம் ஆண்டில் உயிரோடு இருந்தார்கள். அறிவுரைக் கையேடு மட்டும் பெற்றவர்களில் அது 83.2.

இதைக் கேட்டுவிட்டு உடற்பயிற்சி எல்லாவற்றையும் தீர்க்கும் என்று அவள் நினைத்தால் அதுவும் ஆபத்து. நாள்பட்ட இடுப்பு வலிக்கும் முழங்கால் தேய்மானத்துக்கும் கிடைக்கும் பலன் உண்மையானது, ஆனால் அடக்கமானது. நாட்பட்ட சோர்வு நோய்க்குப் பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போகும் முறையைப் பரிந்துரைக்க வேண்டாம் என்று பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2021-இல் தன் வழிகாட்டுதலையே மாற்றியது. யாருக்கு எவ்வளவு, எந்த வேகத்தில், வலித்தால் நிறுத்துவதா தொடர்வதா என்று தீர்மானிக்கத்தான் படித்த ஆள் தேவைப்படுகிறார். இதில் ஆய்வு நடத்துவதும் கடினம். மருந்து ஆய்வில் வெற்று மாத்திரையைக் கொடுத்து நோயாளியை அறியாமல் வைக்கலாம். பயிற்சி செய்யாதவரைச் செய்ததாக நம்பவைக்க முடியாது. அதனால் யார் எந்தக் குழு என்பது அளவெடுப்பவருக்காவது தெரியாதபடி ஏற்பாடு செய்கிறார்கள். உங்கள் மகள் நோட்டில் பாட்டியின் அளவைப் பேத்தியே எடுத்திருப்பது அந்த வகையில் ஒரு குறைதான். சொன்னேன், உடனே, "அப்போ தங்கச்சியை எண்ணச் சொல்லவா?" என்றாள்.

வேலூருக்கு இந்தத் துறை புதிதும் அல்ல. தொழுநோயால் மடங்கிப்போன விரல்களுக்கு, அறுவை மருத்துவர் பால் பிராண்ட் இங்கே தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணை மாற்றிப் பொருத்தியபோது, இடம் மாறிய தசைக்குப் புதிய வேலையைப் பழக்கியது பயிற்சிதான். 1954-இல் விபத்தில் இரு கால்களும் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி அறுவை செய்தார். அவர் முயற்சியால் 1966-இல் வேலூரின் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் தொடங்கியது. பாகாயம் பேருந்தில் போகிற நாமே அதைக் கவனிப்பதில்லை. பீடி சுற்றுவோர், குழித்தறி நெசவாளர், ஆம்பூரில் காலணி தைப்போர் ஆகியோரின் முதுகும் முழங்காலும் பற்றிய கேள்விகளை, தரையில் உட்காரும் பழக்கமில்லாத ஊர்க்காரர் கேட்கப்போவதில்லை. பட்டப்படிப்பு, பிறகு இரண்டாண்டு முதுநிலை, அதன்பின் முனைவர் ஆய்வு என்று அவள் போனால் கேட்பாள்.

குறைகளை மறைக்க மாட்டேன். தொடக்கச் சம்பளம் சிறியது. சில தனியார் நிலையங்களில் வெட்கப்படும் அளவு சிறியது. நாள் முழுதும் நின்று செய்யும் வேலை. பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போடலாமா என்ற சண்டை 2025-இலும் ஓயவில்லை. மைத்துனருக்கு அது முக்கியம் என்றால் அவரை நான் திருப்திப்படுத்த முடியாது. அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 முதல் வீடு தேடிப்போய்ப் பிசியோதெரபி அளிக்கிறார்கள் என்பதையும் அவருக்குச் சொல்லுங்கள். அதே ஆண்டில் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்துக்குப் பின் படிப்புக் காலமும் சேர்க்கை விதியும் மாறிவருகின்றன. சேரும் ஆண்டின் அறிவிப்பை வரி விடாமல் படியுங்கள். மருத்துவமனை இணைந்திராத, நோயாளியே வராத கல்லூரிக்குக் கட்டணம் குறைவு என்பதற்காகப் போகாதீர்கள். நன்கொடை கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

அம்மாவை அடுத்த முறை பயிற்சிக்கு அழைத்துப்போகும்போது மகளையும் கூட்டிச்செல்லுங்கள். அனுமதி கேட்டு அரை நாள் அங்கே நின்று பார்க்கட்டும். நோட்டை எடுத்துப்போகச் சொல்லுங்கள். நிலப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.