சவுண்டு அண்ணன் பதில்கள்

கேள்வி: காலேஜ் படிக்கும் என் மகன் ராத்திரியெல்லாம் ஹெட்போனில் 'பிரேக்கோர்' கேட்கிறான். வெளியே கசிவது தகரக் கூரையில் கல் விழுகிற மாதிரி இருக்கிறது. வெனிஷியன் ஸ்நேர்ஸ் என்பவர் பெரிய ஆளாம். இதெல்லாம் பாட்டா அண்ணே?
- வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: பாட்டுதாம்மா. கசிவை வெச்சு எடை போடாதீங்க. ஹெட்போனுக்கு வெளியே வர்றது 'ச்சிக் ச்சிக்' மட்டும்தான், 'தும் தும்'னு அதிர்ற பேஸ் உள்ளேயே நின்னுடும். மைக் செட்காரன் சொல்றேன், நம்புங்க.

இந்த வகைப் பாட்டுல திரும்பத் திரும்பக் கேக்குறது ஒருத்தர் வாசிச்ச டிரம்ஸ். 1969-ல தி வின்ஸ்டன்ஸ்னு ஒரு அமெரிக்கக் குழு 'ஆமென், பிரதர்'னு ஒரு பாட்டு போட்டாங்க. நடுவுல எல்லாரும் நிறுத்த, கிரிகரி கோல்மன் ஆறேழு விநாடி தனியா அடிச்சார். அதைத்தான் கம்ப்யூட்டர்ல அடி அடியா வெட்டி, இடம் மாத்தி, நிமிஷத்துக்கு 180, 200 அடின்னு ஓட்டுறாங்க. டிரம்ஸ் செட்டுல 'டப்'னு வெடிக்கிற ஸ்நேர் டிரம்மோட ஒரே அடியை விநாடிக்கு 50 தடவை ஓட்டிப் பாருங்க, அடி மறைஞ்சு சுரமாவே கேக்கும்! கோல்மனுக்கு இதுல ஒரு காசு வரல. 2006-ல வீடு வாசல் இல்லாம செத்துப்போனார். நம்ம கானா மெட்டுங்க பேர் இல்லாமப் போன கதை மாதிரியேதான்.

வெனிஷியன் ஸ்நேர்ஸ், கனடாவுல வின்னிபெக் ஊர்க்காரர், நிஜப் பேர் ஆரன் ஃபங்க். அவருக்கு ஏழு எண்ணிக்கைன்னா உசுரு. பையனைத் தொடையில மிஸ்ர சாபு, அதான் நம்ம ஏழு எண்ணிக்கைத் தாளம், போட்டுக்கிட்டே கேக்கச் சொல்லுங்க, பிடி கிடைக்கும். 2005-ல ஹங்கேரி மொழியில பேர் வெச்சு ஒரு ஆல்பம் போட்டார். வயலின், செல்லோவுக்கு நடுவுல இந்த வெட்டு அடி. புடாபெஸ்ட் அரண்மனை மேல தன்னை ஒரு புறாவா நெனச்சுப் பார்த்ததுல பிறந்ததாம். மாடிக்கு மாடி புறாக்கூண்டு வெச்சிருக்கிற நம்ம ஏரியாவுக்கு இதை நான் விளக்கணுமா? முதல்ல அதை ஸ்பீக்கர்ல போடச் சொல்லி நீங்களும் கேளுங்க. மத்ததெல்லாம் அப்புறம்.

கேள்வி: நானே பிரேக்கோர் செய்ய ஆசை. பெரிய கம்ப்யூட்டர் வேணுமா?
- மாணவர், வியாசர்பாடி

பதில்: வேணாம் தம்பி. பழைய லேப்டாப், சத்தத்தைப் பதிஞ்சு வெட்டி ஒட்டுற ஆடாசிட்டி சாஃப்ட்வேர் போதும், அது இலவசம். ஆமென் அடியை உலகமே வெட்டிடுச்சு, உன் தெருப் பறையை எடு. அடிக்குச்சி கணக்கு வைக்கும், சுண்டுக்குச்சி இடையில நிரப்பும். வெட்டத் தோதா இருக்கும். வாசிக்கிற அண்ணன்கிட்ட கேட்டுட்டுப் பதிவு பண்ணு, அவர் பேரைப் போடு. போனைப் பத்தடி தள்ளிப் பிடி, கிட்டப் போனா சத்தம் கிழிஞ்சுதான் பதிவாகும். உனக்கு அதுவே பிடிச்சாலும் பிடிக்கும்.