பெயர்ப்பலகையைக் கழற்ற மனம் வரவில்லை

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

எனக்கு வயது 42. கோயம்புத்தூரில் பதினோரு ஆண்டுகள் சிறிய விளம்பர வடிவமைப்பு நிறுவனம் நடத்தினேன். என்னையும் சேர்த்து ஐந்து பேர். ஜவுளிக்கடைகளுக்கு ஆடித் தள்ளுபடி நோட்டீஸ், கிரைண்டர் கம்பெனிகளுக்கு கேட்லாக் என்று வேலை ஓடியது. அதற்கு முன் ஒரு பத்திரிகையின் வடிவமைப்புப் பிரிவில் இருந்தேன்; அந்தப் பிரிவையே மூடிவிட்டார்கள். 2020 ஊரடங்கைக் கூடச் சமாளித்தோம். பிறகு வாடிக்கையாளர்கள் போஸ்டரைத் தங்கள் கைப்பேசியிலேயே செய்துகொள்ளத் தொடங்கினார்கள். ஒருவர் மூன்றே முக்கால் லட்சம் பாக்கி வைத்துவிட்டு, பத்து மாதமாகப் போனை எடுப்பதில்லை. கடந்த மார்ச் 31-ஆம் தேதி மூடிவிட்டேன்.

கணவர், ஊழியர்கள், கட்டட உரிமையாளர் தவிர யாருக்கும் தெரியாது. அப்பாவிடம் சொல்லவில்லை. அவர் அச்சகத்தில் அச்சுக் கோத்தவர். ஆஃப்செட்டும் கணினியும் வந்து அந்த அச்சகம் மூடியபோது, வீட்டில் ஒரு வார்த்தை பேசாமல் மளிகை மண்டியில் கணக்கு எழுதப் போனார். எனக்குக் கணினி வாங்க அம்மாவின் வளையல்களை அடகு வைத்துக் கொடுத்தவரும் அவர்தான்.

பெயர்ப்பலகையைக் கழற்றச் சொல்கிறார் கட்டட உரிமையாளர். கை வரவில்லை. போன் வந்தால் நிறுவனத்தின் பெயரைச் சொல்லித்தான் பேசுகிறேன். அழுகை வருவதில்லை, எரிச்சல்தான் வருகிறது. இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் விடியும்வரை கணக்குதான்.

திருப்பூர் பின்னலாடை நிறுவனம் ஒன்று வடிவமைப்புப் பிரிவுக்குக் கூப்பிடுகிறது. நேர்காணலன்று லேப் டிப் எனப்படும் சாயம் தோய்த்த மாதிரித் துணித் துண்டுகளைக் கையில் கொடுத்து நிறம் பார்க்கச் சொன்னார்கள். ஜன்னலோரம் கொண்டுபோய், ஒரே நீலத்தின் ஆறு சாயல்களைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு மணி நேரம் போனதே தெரியவில்லை. ஆனால் சம்பளத்துக்குப் போனால் தோற்றதை ஒப்புக்கொண்டதாகிவிடும். வீட்டிலிருந்தே மறுபடி தொடங்கி, விட்டுப்போனவர்களுக்கெல்லாம் காட்டவேண்டும் என்று தோன்றுகிறது. என்ன செய்வது?

வாசகி, கோவை

அன்புள்ள சகோதரிக்கு,

ஒருவர் இறந்தால் வீட்டுக்கு ஆட்கள் வருகிறார்கள், கையைப் பிடித்துக்கொள்கிறார்கள், காரியம் என்று ஒரு நாள் இருக்கிறது. பதினோரு ஆண்டு உழைத்த இடம் போனால் துக்கம் கேட்க யாரும் வருவதில்லை. ஊர் துக்கமாகவே எண்ணாத இத்தகைய இழப்புகளைத் துக்கத்தின் ஒரு தனி வகையாகவே 1989-இல் எழுதினார் அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோகா. அழ இடம் கிடைக்காத துக்கம் எரிச்சலாக வெளிவருவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். நீங்கள் செய்தியையே மறைத்துவிட்டதால், வரக்கூடிய ஓரிருவருக்கும் வழி அடைபட்டுவிட்டது.

நீங்கள் இரவு இரண்டு மணிக்குப் போடும் கணக்கில் ஒரு பகுதிக்குப் பகலில் வழி இருக்கிறது. உங்கள் நிறுவனம் சிறுதொழிலாக உத்யம் என்னும் அரசுப் பதிவில் இருந்தால், 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி வாங்கியவர் 45 நாளுக்குள் பணம் தந்திருக்க வேண்டும்; தாமதத்துக்குக் கூட்டு வட்டியும் உண்டு. அதற்கான அரசு இணையதளத்தில் புகார் பதியலாம். ஜி.எஸ்.டி. பதிவை ரத்து செய்த பின் மூன்று மாதத்துக்குள் இறுதிக் கணக்கும் தாக்கல் செய்ய வேண்டும். இரண்டையும் ஆடிட்டரிடம் ஒப்படையுங்கள். பணம் வரும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கணக்கை இரவில் நீங்கள் ஒருவரே சுமக்க வேண்டாம். தூக்கமின்மை இரண்டு வாரத்தைத் தாண்டியிருந்தால் மருத்துவரைப் பாருங்கள். மனம் மிகவும் தளர்ந்துபோகும் நேரத்தில் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

வேலை பற்றி என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். மறுபடி தொடங்குவதைப் பற்றி எழுதும்போது, விட்டுப்போனவர்கள்தான் உங்கள் கண்முன் நிற்கிறார்கள். செய்ய ஆசைப்படும் வேலை ஒன்றுகூட அங்கே இல்லை. உங்கள் கடிதம் முழுவதிலும் கோபம் இல்லாத இடம் அந்த ஜன்னலோரம்தான். அந்த ஆறு நீலங்களைப் பிரித்த கண் பதினோரு ஆண்டில் பழகிய கண். அது உங்களோடுதான் இருக்கிறது. திருப்பூருக்குப் போங்கள் என்பேன். ஓராண்டு கழித்தும் சொந்தமாகச் செய்யும் ஆசை இருந்தால், அப்போது அது பழிதீர்க்கும் ஆசையாக இராது.

அதற்கு முன் அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். அச்சகம் மூடியபோது அவர் பேசாமல் மண்டிக்குப் போனார் என்று எழுதியிருக்கிறீர்கள். இப்போது நீங்களும் அதே மௌனத்தைத்தான் கடைப்பிடிக்கிறீர்கள். தொழில் ஒன்று கையைவிட்டுப் போவது எப்படி இருக்கும் என்று உங்கள் வீட்டில் அறிந்த ஒரே மனிதர் அவர். வளையல் கணக்கை எடுக்காமல், "அச்சகம் மூடிய அன்று நீங்கள் என்ன செய்தீர்கள் அப்பா?" என்று கேளுங்கள். அவர் பேசி முடிக்கும்வரை குறுக்கிடாதீர்கள். பிறகு உங்கள் செய்தியைச் சொல்லுங்கள்.

பலகையைக் கழற்றும் நாளில், அவரால் மாடிப்படி ஏற முடியுமென்றால், அவரையும் அழைத்துப் போங்கள்.